விறகு பிளத்தலும் உலர்த்தலும்: பழைய இயந்திரங்களின் ஆற்றலும் எல்லையும் பற்றிய ஒரு நோக்கு

விறகு பற்றிய கட்டுரையொன்று ஆய்விதழில் இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். நிலக்கரியும் நீராவியும் மின்சாரமும் பொருளாதார வரலாற்று நூல்களில் தனி அதிகாரங்களைப் பெற்றுள்ளன. விறகோ பெரும்பாலும் அடிக்குறிப்புக்குள் அடங்கிவிடுகிறது. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. விறகு கொத்துதலும் அடுக்குதலும் காயவைத்தலும் வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் கூலியின்றி நடைபெறும் வேலைகளாகும். சந்தைக்கு வராத உழைப்புக் கணக்குக்கு வருவதில்லை. கணக்குக்கு வராதது ஆராய்ச்சிக்கும் எளிதில் வருவதில்லை.

எனினும், மனிதர் கையாண்ட எரிபொருள்களுள் மிகப் பழையதான இவ்விறகு இன்றும் உலகின் கோடிக்கணக்கான அடுப்புகளில் எரிகின்றது. அதனை எரிக்கத்தக்க நிலைக்குக் கொண்டுவருவதற்கு இரண்டு செயல்கள் வேண்டப்படுகின்றன. ஒன்று பிளத்தல், மற்றையது உலர்த்தல். முதலாவது வலிமையை வேண்டுவது. இரண்டாவது காலத்தை வேண்டுவது. இயந்திரம் முதலாவதை மிக எளிதாக்கிவிட்டது. இரண்டாவதை அதனால் அவ்வாறு எளிதாக்க முடியவில்லை. இவ்வேறுபாடு வெறும் தொழில்நுட்ப வேறுபாடன்று, அதற்குச் சமூகப் பொருளும் உண்டு என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு எடுத்துக்காட்டாக, நீண்ட குளிர்காலமும் அடர்ந்த காடும் பழைய பண்ணை இயந்திரங்களும் ஒருங்கே அமைந்த ஐக்கிய அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பிரதேசத்தை முதலில் நோக்குவோம். பின்னர் அங்கு பெறும் முடிவுகள் எமது நாட்டு அடுப்படிக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என ஆராய்வோம்.

1. மரத்தின் அமைப்பும் பிளவும்

மரம் நீளவாக்கில் அமைந்த நுண்குழாய்களின் தொகுதி எனலாம். இக்குழாய்களை அவற்றின் நீளத்துக்குக் குறுக்கே அறுத்தல் கடினம். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தல் எளிது. ஆகவேதான் குறுக்கே அறுப்பதற்கு வாளும், நெடுகப் பிளப்பதற்குக் கோடரியும் ஆப்பும் தோன்றின. ஆப்பு மரத்தை வெட்டுவதில்லை. அது பிளவொன்றைத் தொடக்கி வைத்து, அப்பிளவின் இரு பக்கங்களையும் அகற்றுகிறது. பிளவு ஆப்பின் நுனிக்கு முன்னே ஓடிச் செல்கிறது. விறகு கொத்தும் கோடரி கூர்மையிலும் பார்க்கப் பாரத்தையே வேண்டி நிற்பதன் காரணம் இதுவே.

எல்லா மரமும் ஒரே வகையாகப் பிளப்பதில்லை. நேரிய நாரோட்டமுடைய ஓக், ஆஷ் ஆகியன இலகுவில் பிளக்கும். நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் எல்ம் மரம் கோடரிக்காரனைச் சலிப்புறச் செய்யும். கணுவுள்ள குற்றியும் அத்தகையதே. அங்கு பல மரங்கள் பச்சையாக இருக்கும்போதும், கடுங்குளிரில் உள்நீர் உறைந்திருக்கும்போதும் நன்கு பிளக்கின்றன. எனவே, வயல் வேலையற்ற குளிர்காலமே அங்கு விறகு வேலைக்குரிய காலமாயிற்று. வெட்டிய மரத்தைப் பனித்தரையில் சறுக்குவண்டியில் இழுத்து வருவதும் அக்காலத்தில் எளிது. இவ்வாறு குளிர்காலத்தில் வெட்டி, இளவேனிலில் பிளந்து அடுக்கி, கோடையில் உலரவிட்டு, அடுத்த குளிர்காலத்திலோ அதற்கு மறு குளிர்காலத்திலோ எரிக்கும் சுழற்சி உருவாயிற்று. இன்று எரிவது சென்ற ஆண்டின் உழைப்பு என்பது இச்சுழற்சியின் அடிப்படை உண்மையாகும்.

இவ்வுழைப்பின் அளவை நோக்குதல் தகும். அங்கு விறகு 'கோர்ட்' எனும் அளவையால் அளக்கப்படும். 4 அடி அகலமும் 4 அடி உயரமும் 8 அடி நீளமும் கொண்ட அடுக்கு, அதாவது 128 கன அடி, ஒரு கோர்ட் ஆகும். குடியேற்ற காலத்து நியூ இங்கிலாந்துக் குடும்பமொன்று ஆண்டுக்கு 30 அல்லது 40 கோர்ட் விறகு எரித்திருக்கலாம் எனச் சூழல் வரலாற்றாசிரியர் வில்லியம் குரோனன் 1983இல் வெளிவந்த தமது நூலில் மதிப்பிட்டுள்ளார். திறந்த கணப்படுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வெளியேறியமையே இப்பெருந்தொகைக்குக் காரணம். 1740களில் பெஞ்சமின் பிராங்கிளின் அமைத்த இரும்பு அடுப்பு இவ்விரயத்தைக் குறைக்கும் முயற்சியாகவே தோன்றியது. நகரங்களை அண்டிய காடுகள் அழிந்து விறகின் விலை ஏறியமை அம்முயற்சியின் பின்னணியாகும்.

2. கோடரியிலிருந்து இயந்திரத்துக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகு வேலையில் இயந்திரம் புகுந்தது. முதலில் குதிரை ஏறி நடக்கும் சாய்தளப் பொறி வட்டவாளைச் சுழற்றியது. பின்னர் நீராவிப் பொறியும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெற்றோல் எஞ்சினும் வந்தன. 1923 முதல் 1946 வரை உற்பத்தி செய்யப்பட்ட ஜோன் டியர் 'ஈ' வகை எஞ்சின் இவற்றுக்கு நல்ல உதாரணம். பாரமான சில்லுகள் போதிய வேகத்தில் சுழலும்வரை இதன் உருளையில் எரிபொருள் வெடிப்பதில்லை; வேகம் குறைந்ததும் மீண்டும் வெடிக்கும். சுமையில்லாதபோது இடைவெளி விட்டு விட்டுக் கேட்கும் அதன் ஒலி, எரிபொருளை வீணாக்காத ஒழுங்கின் ஒலியாகும். இவ்வெஞ்சினின் கப்பியிலிருந்து நீண்ட தட்டைப் பட்டியொன்று வட்டவாளுக்குச் செல்லும். எஞ்சின் வாங்க இயலாதோர் ஃபோர்ட் 'மொடல் டி' காரின் பின்பக்கத்தை உயர்த்தி நிறுத்தி, அதன் பின்சில்லிலிருந்து பட்டியோட்டினர். 1917 முதல் வெளிவந்த ஃபோர்ட்சன் உழவு இயந்திரமும் கப்பி பொருத்தப்பட்டு இதே பணியைச் செய்தது.

இங்கு கவனிக்க வேண்டியது யாதெனில், இப்பழைய இயந்திரங்கள் பெரும்பாலும் குறுக்கே அறுப்பதையே செய்தன என்பதாகும். பிளத்தல் நெடுங்காலம் கைவேலையாகவே நீடித்தது. எண்ணெய் அமுக்கத்தால் ஆப்பைத் தள்ளும் நீரியற் பிளப்பி இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேதான் வீடுகளில் பரவியது. அதன் ஆற்றலைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். 4 அங்குல விட்டமுடைய உருளையில் சதுர அங்குலத்துக்கு 2,500 இறாத்தல் அமுக்கம் செலுத்தப்படின், ஆப்பின்மீது 31,000 இறாத்தலுக்கு மேற்பட்ட விசை, அதாவது ஏறத்தாழ 14 தொன், தாக்குகிறது. கோடரிக்கு அடங்காத எல்மும் கணுக்குற்றியும் இதற்கு அடங்கிவிடும். 1970களில் வாகனத்தின் பின்சில்லுக் கும்பத்தில் பூட்டப்படும் கூம்பு வடிவத் திருகொன்றும் விற்பனைக்கு வந்தது. அது சுழன்றவாறே மரத்துள் புகுந்து அதனைப் பிளக்கும்.

இவ்வியந்திரங்களின் ஆபத்தை மறைத்தல் நேர்மையாகாது. பழைய வட்டவாள்களுக்குக் காப்புறை இருப்பதில்லை. தளர்ந்த சட்டைக் கையொன்று போதும், பட்டி மனிதனை இழுத்துவிடும். பனியிலும் களைப்பிலும் வேலை செய்தோர் விரல்களையும் கைகளையும் இழந்தனர். எனினும், இவற்றுக்கிடையே ஒரு வேறுபாடு உண்டு. வட்டவாள் இறுகும்போது தட்டைப் பட்டி சறுக்கும் அல்லது கப்பியிலிருந்து கழன்றுவிடும். ஆனால் உழவு இயந்திரத்தின் சுழல்தண்டுடனோ வாகனத்தின் சில்லுடனோ நேரே பிணைக்கப்பட்ட திருகு எதற்காகவும் தயங்காது. நவீனமாதல் எப்பொழுதும் பாதுகாப்பை நோக்கிய முன்னேற்றமாக அமைவதில்லை என்பதற்கு இது சான்று.

உற்பத்தி உறவுகளை நோக்குமிடத்து மற்றொரு மாற்றமும் புலப்படுகிறது. பட்டியால் இயங்கும் வட்டவாள் விலைமிக்கது, எல்லோரிடமும் இருக்கவில்லை. அது ஒரு பண்ணையிலிருந்து மறு பண்ணைக்குச் சென்றது. ஒருவர் குற்றியைத் தூக்க, ஒருவர் வாளிடம் தள்ள, ஒருவர் அறுந்த துண்டை வாங்கி எறிய, அயலவர் கூடி வேலை செய்தனர். பெண்கள் அவ்வனைவருக்கும் சமைத்தனர், சிறுவர் அடுக்கினர். தனியொருவர் கையாளத்தக்க சங்கிலிவாளும் சிறு நீரியற் பிளப்பியும் வந்தபின் அக்கூட்டுழைப்புத் தேய்ந்தது. வலிமையின் தேவை குறைந்தது. அதனுடன் ஒருவரை ஒருவர் சார்ந்திருந்த தேவையும் குறைந்தது. அடுக்குதலும் உள்ளே சுமத்தலும் சாம்பல் அள்ளுதலும் மட்டும் முன்போலவே பெண்களிடமும் பிள்ளைகளிடமும் தங்கின. எந்த இயந்திரமும் அவ்வேலைகளை நாடி வரவில்லை.

3. உலர்தலின் விதி

இனி இரண்டாவது செயலை நோக்குவோம். புதிதாக வெட்டிய மரத்தின் நிறையில் ஏறத்தாழ அரைப்பங்கு நீராக இருத்தல் பொதுவழக்கு. இது இனத்துக்கு இனம் வேறுபடும். இந்நீர் இரு வகைப்பட்டது. குழாய்களின் வெளியில் நிற்கும் கட்டற்ற நீர் முதலில் நீங்கும். கலச்சுவர்களுடன் பிணைந்த நீர் பின்னரே, மெதுவாக நீங்கும். உலர்மரத்தின் நிறையில் நீர் ஏறத்தாழ 30 சதவீதமாகக் குறையும்போது பிணைந்த நீரின் எல்லை தொடங்குகிறது. அதன்பின் மரம் சுருங்குகிறது. ஆண்டு வளையங்களின் வழியே ஏற்படும் சுருக்கம், ஆரை வழியே ஏற்படுவதிலும் பொதுவில் இருமடங்காகும். இதனால் குற்றியின் முகத்தில் நடுவிலிருந்து வெளிநோக்கிய வெடிப்புகள் தோன்றுகின்றன. காய்ந்த விறகை அறிய மக்கள் கண்ட அடையாளங்களுள் இவ்வெடிப்பும் ஒன்று.

நீர் நார்வழியே செல்லும் வேகம் குறுக்கே செல்லும் வேகத்திலும் பன்மடங்கு பெரிது. பட்டையோ நீரை உள்ளே தடுத்து வைக்கிறது. எனவே குறுகத் தறித்தலும் பிளத்தலும் உலர்தலுக்கு வழி திறக்கின்றன. பிளக்காது விடப்பட்ட பேர்ச் குற்றி தன் பட்டைக்குள்ளேயே உக்கிப்போவதை நியூ இங்கிலாந்து விவசாயிகள் நன்கறிவர். பிளத்தலும் உலர்த்தலும் இவ்விடத்தில்தான் இணைகின்றன. இயந்திரம் வழியைத் திறக்கிறது. அவ்வழியால் நீர் வெளியேறக் காற்றும் வெயிலும் நாட்களும் தேவை. ஆஷ் ஓராண்டுக்குள் எரிக்கத்தக்கதாகலாம். ஓக் இரண்டாண்டும் அதற்கு மேலும் கேட்கும்.

அடுக்கும் முறையும் எளிதன்று. விறகு நிலத்தில் படலாகாது. அடியில் குறுக்குக்கட்டைகள் வேண்டும். காற்று ஊடுசெல்லத்தக்க ஒற்றை வரிசையே சிறந்தது. மேற்புறத்தை மட்டும் மூடிப் பக்கங்களைத் திறந்துவிட வேண்டும். முற்றாக மூடிக்கட்டின் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பற்றும். விறகு காய்ந்ததா என அறிவதற்கு எவருக்கும் இயலக்கூடிய முறை ஒன்று உண்டு. சில துண்டுகளை அடையாளமிட்டு மாதந்தோறும் நிறுத்துக் குறித்தல் வேண்டும். நிறை குறைவது நின்றுவிடின், அவ்விடத்துக் காற்று அனுமதிக்கும் அளவுக்கு அது உலர்ந்துவிட்டது. 'அவ்விடத்துக் காற்று' என்பது முக்கியமானது. சாரீரப்பதன் 80 சதவீதமாயுள்ள இடத்தில் மரம் ஏறத்தாழ 16 சதவீத ஈரத்தைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். எவ்வளவு காலம் வெளியில் வைத்தாலும் அதனிலும் கீழே அது செல்லாது.

ஈரவிறகால் ஏற்படும் நட்டம் எவ்வளவு? முற்றாக உலர்ந்த ஒரு கிலோகிராம் மரம் ஏறத்தாழ 18.5 மெகாயூல் வெப்பம் தரும். ஒரு கிலோகிராம் நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க ஏறத்தாழ 2.6 மெகாயூல் செலவாகும். எனவே, பாதி நீராகவுள்ள ஒரு கிலோகிராம் பச்சை விறகு ஏறத்தாழ 8 மெகாயூலையும், ஐந்தில் ஒரு பங்கு நீராகவுள்ள காய்ந்த விறகு ஏறத்தாழ 14 மெகாயூலையும் தரவல்லன. ஆயினும் இக்கணக்கை அவதானமாக வாசித்தல் வேண்டும். பச்சை விறகின் பெறுமதி குறைவதற்கு முதற்காரணம், அதன் ஒரு கிலோகிராமில் அரைக் கிலோகிராம் மரமே உண்டு என்பதாகும். நீரை ஆவியாக்கச் செலவாவது அம்மரத்தின் வெப்பத்தில் ஏழிலொரு பங்கு மட்டுமே.

அப்படியாயின், ஈரவிறகு எரிப்போர் அனுபவிக்கும் பெருநட்டம் எங்கிருந்து வருகிறது? அது புகையிலிருந்து வருகிறது. மரம் சூடாகும்போது வெளியிடும் வாயுக்கள் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 600 பாகை செல்சியசு வெப்பநிலை வேண்டும். நீர் ஆவியாகிக்கொண்டிருக்கும் அடுப்பு அந்நிலையை எட்டுவதில்லை. எரியாத வாயுக்களும் கரித்துகளும் காபனோரொட்சைட்டும் புகையாக வெளியேறுகின்றன. குளிர்நாட்டில் இப்புகை புகைபோக்கியினுள் தாராகப் படிந்து பின்னொரு நாள் தீப்பற்றுகிறது. புகைபோக்கியற்ற நாட்டில் அது அடுப்பின்முன் நிற்பவரின் சுவாசப்பையில் படிகின்றது. சமையல் எரிபொருளின் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் அகால மரணமெய்தினர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களெல்லாரும் ஈரவிறகால் இறந்தனர் என்பது கருத்தன்று. நிலக்கரியும் சாணமும் வைக்கோலும் இதிலடங்கும். ஆயினும் விறகின் ஈரம் இத்துயரில் ஒரு பங்காளி என்பதில் ஐயமில்லை.

4. இரு நெருக்கடிகள்

1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடையை விதித்தன. சில மாதங்களில் மசகெண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. 1979இல் ஈரானியப் புரட்சியை அடுத்து விலை மீண்டும் உயர்ந்தது. வீடுகளை எண்ணெயால் வெப்பமாக்கி வந்த நியூ இங்கிலாந்து மக்கள் பெருந்தொகையாக விறகடுப்புக்குத் திரும்பினர். பட்டி, கப்பி, வட்டவாள் ஆகியவற்றைப் பேணி வைத்திருந்த பண்ணையாளருக்கு அவை வெறும் பழம்பொருளாக இருக்கவில்லை. திருத்துதற்கு எளிமையும், உறுப்புகள் யாவும் கண்ணுக்குத் தெரியும் வெளிப்படையும் அவற்றின் பலமாகும். ஆனால் அவ்வாண்டே வெட்டி அவ்வாண்டே பிளந்த விறகு அவ்வாண்டே எரிக்கப்பட்டது. ஈரவிறகும் மந்தமாக எரியவிடப்பட்ட அடுப்பும் சேர்ந்து புகைபோக்கித் தீவிபத்துகளைப் பெருக்கின. பள்ளத்தாக்கு ஊர்களில் குளிர்காலப் புகை தேங்கியது. 1988இல் ஐக்கிய அமெரிக்கா புதிய விறகடுப்புகளின் புகைக்குச் சட்ட எல்லை விதித்தது. அச்சட்டம் அடுப்பை நெறிப்படுத்தியதேயன்றி விறகை நெறிப்படுத்தவில்லை. விறகையே நெறிப்படுத்திய சட்டம் இங்கிலாந்தில் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 2 கன மீற்றருக்குக் குறைந்த அளவில் விற்கப்படும் விறகின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேற்படலாகாது என அது விதித்தது.

எமது நாட்டில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்ட குடும்பங்கள் விறகிலேயே சமைத்தன. யாழ்ப்பாணத்தில் மாரிக்கு முன்னர் பனைமட்டையும் கொக்கரையும் தென்னம்பாளையும் சிரட்டையும் சேர்த்து வைத்தலும், அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகு அடுக்குதலும் உலர்தலின் விதியை அறிந்த மக்களின் வழக்கங்களாகும். அடுப்பின் வீண்வெப்பத்தால் நாளைய விறகைக் காயவைக்கும் அப்பரண், இயந்திரமெதுவுமின்றிக் காலத்தைச் சுருக்கிய நுட்பம் எனலாம். இவ்வறிவு பெரும்பாலும் பெண்களிடமே இருந்தது. மழை மிகுந்த மலையகத்திலோ நிலைமை வேறு. இடமற்ற லயன் அறைகளில் ஓராண்டுக்குரிய விறகை அடுக்கி வைக்க எவ்விடமும் இல்லை. அன்று பொறுக்கியதை அன்றே எரிக்கும் வாழ்க்கையில் உலர்தல் ஒரு வசதியாகிவிடுகிறது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடையாமற்போயின. கொழும்பின் அடுக்குமாடி வீடுகளிலும் மக்கள் விறகைத் தேடினர். 1970களின் நியூ இங்கிலாந்துக்கு நேர்ந்தது வேறு உருவில் இங்கும் நேர்ந்தது. பணம் கொடுத்தால் விறகைப் பெறலாம். கோடரி கொடுத்தால் பிளக்கலாம். ஆனால் சென்ற ஆண்டு காயவைக்காத விறகை இவ்வாண்டு காய்ந்த விறகாக்க இயலாது. நெருக்கடி வந்த நாளில் காய்ந்த விறகு இருந்தவர், நெருக்கடி வருமுன்னே இடமும் ஓய்வும் இருந்தவரே.

விற்பனை முறையும் இங்கு ஆராயத்தக்கது. கோர்ட் எனும் கனவளவால் வாங்குபவர் நீருக்கு விலை கொடுப்பதில்லை. விறகுகாலையில் அந்தரிலோ கிலோவிலோ நிறுத்து வாங்குபவர், மேற்காட்டிய கணக்கின்படி, நிறையில் பாதி நீராயின் தமது பணத்தில் பாதியை நீருக்கே கொடுக்கிறார். விற்பவர் விறகை உலர்த்தினால் அவருக்கு நிறை குறையும். ஆகையால் உலர்த்தாமல் விடுவதே அவருக்கு இலாபம். ஏமாற்றும் நோக்கம் எவருக்கும் இல்லாதபோதும், அளவைமுறையே ஈரத்துக்குச் சாதகமாக அமைந்துவிடுகிறது.

5. முடிவுரை

இதுவரை கூறியவற்றால் பெறப்படும் முடிவு இதுவாகும். பிளத்தல் தனியொருவர் இயந்திரத்தால் ஒரு பொழுதில் முடிக்கத்தக்க வேலை. உலர்த்தல் அத்தகையதன்று; அது சேமித்து வைக்கப்பட்ட காலம். நிலமும் கூரையும் முன்கூட்டியே வாங்கும் வல்லமையும் உடையோரிடம் அக்காலம் சேர்கிறது. ஏனையோரிடம் ஈரவிறகும் புகையும் சேர்கின்றன. ஆதலால் விறகின் ஈரம் இயற்கையின் பண்பாக மட்டுமன்றி வறுமையின் அளவுகோலாகவும் அமைகின்றது.

பழைய இயந்திரங்களைப் போற்றுவோர் பலர் அவற்றின் இரும்பையே போற்றுகின்றனர். உண்மையில் போற்றத்தக்கது, அவற்றைச் சுற்றி அயலவர் கூடிய ஒழுங்காகும். ஊருக்கொரு பொதுக் கொட்டகை, அதிலே ஓராண்டு முன்னதாக அடுக்கப்படும் விறகு, நிறையால் அன்றிக் கனவளவால் விற்கும் முறை: இவை பெருமுதல் வேண்டாதவை. கூட்டுறவுச் சங்கங்களும் உள்ளூராட்சி மன்றங்களும் விரும்பின் செய்யக்கூடியவை. எரிவாயுவும் மின்சாரமும் எல்லா அடுப்படிகளையும் அடையும் நாள் வரவேண்டியதே. அந்நாள் வரும்வரை அடுப்பின்முன் இருமிக்கொண்டிருப்பவரிடம் பொறுத்திருக்குமாறு கூறும் உரிமை எமக்கில்லை. வரும் ஆண்டின் விறகு இவ்வாண்டே அடுக்கப்பட வேண்டும்.